தாத்தாவை ஏலியன் கூட்டிக்கொண்டு போய்விட்டால் அதில் மர்மம் எங்கே இருக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் அனிமேஷன் படித்து முடித்த நான்கு நண்பர்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு மர்மப் படம் எடுக்க நினைக்கிறார்கள். கதை நடப்பது ராயக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். கோடை விடுமுறைக்கு வந்த பேத்தியும் பேரனும் இருக்கும்போதே, ஓய்வு பெற்ற சர்வேயர் தாத்தா ஓர் இரவு காணாமல் போகிறார். மாந்தோப்பில் வெளிச்சம் தெரிகிறது. பிள்ளைகள் தேடுகிறார்கள். கடைசியில் ஏலியன்தான் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனது என்று தெரிகிறது. கதை கேட்ட எல்லோரும் "அவ்வளவுதானா?" என்கிறார்களாம். எங்கே தப்பு, சின்னக் குழந்தைகள் பயப்படுவார்களா, படம் 20 நிமிடமா ஒன்றரை மணி நேரமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல வருடம் ஸ்டோரிபோர்டு, அதாவது படம் எடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாய், வரைந்தவன். சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

தப்பு முடிவில் இல்லை. உங்கள் ஏலியன் எதை வேண்டுமானாலும் செய்யும் என்பதுதான் தப்பு. மர்மக் கதை பார்க்கிறவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே வருவார்: கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது, செருப்பு வெளியே கிடந்தது, அப்படியானால் யார், எப்படி? கடைசிப் பத்து நிமிடத்தில் சுவரைத் துளைத்துப் போகிற, ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கிற ஒரு ஜீவனைக் கொண்டுவந்தால், அவர் போட்ட கணக்கு மொத்தமும் வீண். ஏமாந்துவிட்டோம் என்றுகூட அவருக்குத் தோன்றாது. இதற்கா இவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்றுதான் தோன்றும். அந்த "அவ்வளவுதானா?" அங்கேயிருந்து வருகிறது.

ஆகவே ஏலியனை விடையாக வைக்காதீர்கள். முதல் கால்வாசியிலேயே அதைக் காட்டிவிடுங்கள். ஏலியன் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு இன்றைக்கு எட்டு வயசுப் பையன்கூட அசர மாட்டான், போஸ்டரிலேயே அது நின்றுகொண்டிருக்கும். 1999இல் வந்த 'தி அயர்ன் ஜயன்ட்' படத்தில் அந்த இரும்பு ராட்சதனைப் பையன் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறான். அது எங்கிருந்து வந்தது என்று படம் கடைசிவரை சொல்வதே இல்லை. நம் ஊர்ப் பார்வையாளர்கள் இதற்குப் புதியவர்களும் இல்லை. 1963லேயே எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். எதற்கு வந்தார்கள் என்பதுதான் அதில் அழகு: அவர்கள் கிரகத்தில் சங்கீதம் இல்லை, சொல்லிக்கொடுக்கப் பாட்டுக்காரியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஏதோ ஒன்று இல்லாமல் வருகிற ஏலியனை வைத்துக் கதை பண்ணலாம். எல்லாம் இருக்கிற ஏலியனை வைத்து ஒன்றும் பண்ண முடியாது.

உங்கள் கதையிலேயே ஒரு தங்கம் கிடக்கிறது, நீங்கள் கண்டுகொள்ளவில்லை. தாத்தா சர்வேயர். அப்படியானால் ஏலியனும் சர்வேயராக இருக்கட்டும். அதன் ஊரில் அதற்குக் கொடுத்த வேலை அளப்பது. வந்து அளந்து, வரைந்து, திரும்பிப் போக வேண்டும். போர் இல்லை, படையெடுப்பு இல்லை, உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையும் இல்லை. சர்க்கார் வேலையாய் வந்த இரண்டு பேர் ஒரு குன்றின் மேல் சந்திக்கிறார்கள். இனி மர்மம் "தாத்தாவை யார் கொண்டுபோனார்கள்" என்பது அல்ல. "தாத்தா ஏன் வீட்டில் சொல்லாமல் போனார்" என்பது. இந்தக் கேள்விக்கு ஏலியன் பதில் சொல்ல முடியாது, குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

பதில் என்ன? நான் யோசித்தது ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லசந்திரம் என்ற இடத்தில் மோரல் பாறை மேல் கல்திட்டைகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கூரையாய் வைத்து, ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமாய்த் துளை போட்டிருப்பார்கள். பெருங்கற்கால ஈமச் சின்னங்கள். ஊர்ப்பக்கம் இந்த மாதிரிக் கட்டடங்களைப் பாண்டவர் வீடு என்பார்கள், குள்ளர்கள் குடியிருந்த வீடு என்றும் சொல்வார்கள். துளை சின்னதாக இருப்பதால் உள்ளே போய்வந்தவர்களும் சின்னவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நியாயம். பேரனுக்கு இந்தக் குள்ளர் கதையை முதல் காட்சியிலேயே யாராவது சொல்லிவிட வேண்டும். அப்புறம் முழங்கால் உயரத்தில் ஒன்று இருட்டில் ஓடினால் அவன் ஏலியன் என்று நினைக்க மாட்டான், குள்ளர் வந்துவிட்டார் என்றுதான் நினைப்பான். அந்தக் குழப்பம் இருபது நிமிடம் தாங்கும்.

ஆனால் ஒன்று. அந்தக் கல்திட்டைகளை ஏலியன் கட்டியதாக மட்டும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் "மனுஷனால் முடியுமா, மேலேயிருந்து வந்தவர்கள் செய்தது" என்கிற வீடியோக்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டியெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கரிமக் கணிப்பில் வந்ததை 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஏறக்குறைய 4,200 வருடத்துக்கு முன்பே இரும்பைக் கையாண்ட மண் இது. கல்லைப் பிளக்கவும் நிறுத்தவும் தெரிந்த கூட்டத்தின் வேலையை ஏலியனுக்குத் தாரை வார்ப்பது அசிங்கம். உங்கள் ஏலியனுக்கு அந்தக் கற்கள் ஒரு புதிராகவே இருக்கட்டும். தூரத்தையும் உயரத்தையும் அது துல்லியமாக அளந்துவிடும். எது தானாய்க் கிடக்கிற பாறை, எது ஆள் நிறுத்தி வைத்த கல் என்று மட்டும் அதற்குத் தெரியாது. தாத்தாவுக்குத் தெரியும். அந்த வட்டத் துளையைக் கைவைத்துக் காட்டி, "இது மழை போட்ட ஓட்டை இல்லை" என்று அவர் சொல்கிற இடம்தான் படத்தின் முதுகெலும்பு.

இப்போது தாத்தாவின் ரகசியத்துக்கு வருவோம். வாலிபத்தில் அவர் அந்தக் குன்றுப் பக்கம் அளந்து புலப்படம் (நிலத்தின் எல்லைகளைக் காட்டுகிற வரைபடம்) தயார் செய்தபோது, கற்கள் இருந்த இடத்தைக் குறிக்காமல் விட்டுவிட்டார். யாரோ ஒரு பெரிய மனிதர் சொன்னதற்காக விட்டார். இன்றைக்குக் குன்றில் குவாரி வரப்போகிறது, காகிதத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. செத்துப்போவதற்குள் அதைத் திருத்திவிட வேண்டும் என்று ராத்திரி ராத்திரியாகப் போய் அளக்கிறார். வெட்கத்தினால் வீட்டில் மூச்சு விடவில்லை. இதில் வில்லன் யார் என்று தேடினால் தாத்தாவின் பழைய பயம்தான் மிஞ்சும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி இல்லாத குன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் பார்க்கிறவர்களுக்கு விளக்கவும் வேண்டாம்.

துப்பு எங்கே வைப்பது? பீரோவில் நாலாய் மடித்து வைத்த ஒரு புலப்படம். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருக்கிறது. நேராகப் போகிற ஒரு எல்லைக்கோடு ஓரிடத்தில் காரணமே இல்லாமல் வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு மறுபடி நேராகிறது. சுற்றிய இடத்தில் ஒன்றும் வரையவில்லை, வெறும் காகிதம். பேத்தி அதை ஆரம்பத்திலேயே பார்க்கிறாள், நாமும் பார்க்கிறோம், கோழி ஒன்று குறுக்கே ஓட எல்லோரும் மறந்துவிடுகிறோம். பிறகு அட்டாலியில் அளவைச் சங்கிலி கிடைக்கிறது. 66 அடி, 100 கண்ணி. அவளும் தம்பியும் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கி விளையாட்டாக அளக்கப்போய், காகிதத்துக் கணக்கும் தரையும் அந்த வளைவில் மட்டும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்கிறார்கள். சங்கிலியைச் சுருட்டத் தெரியாமல் இருவரும் சிக்கிக்கொள்வதை அனிமேட் செய்ய உங்களுக்கே கை துறுதுறுக்கும். இந்த ஒரு காட்சியில் விடை மொத்தமும் திறந்து கிடக்கிறது, ஆனாலும் யாருக்கும் தெரியாது. நியாயமான துப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். உங்கள் கதையில் மாந்தோப்பில் தெரிகிற ஒளி எல்லாமே ஏலியனுடையது. எவ்வளவு பெரிய வாய்ப்பை விட்டுவிட்டீர்கள்! நம் பக்கத்து ராத்திரியில் வெளிச்சத்துக்கு ஆயிரம் காரணம். தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று காட்டை ஒட்டிய ஊர்களில் கேழ்வரகு முற்றுகிற காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் வரும். பரணில் படுத்துக்கொண்டு டார்ச் அடிப்பார்கள், வெடி போடுவார்கள், தகர டப்பாவைத் தட்டுவார்கள். சாமந்தித் தோட்டம் இன்னொன்று. சாமந்தி, இரவு நீண்டால் மொட்டு வைக்கிற செடி. வளர்வதற்குள் பூத்துவிடக் கூடாது என்று வரிசையாக பல்பு கட்டி ராத்திரியில் எரியவிடுவார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் தரையில் யாரோ நட்சத்திரத்தைக் கட்டம் போட்டு அடுக்கியது மாதிரி இருக்கும். உங்கள் ஏலியன் இறங்கியதே அதை விமான தளம் என்று நினைத்துத்தான் என்று வைத்துப்பாருங்கள், கதைக்குள் ஒரு சிரிப்பும் ஒரு காரணமும் சேர்ந்து கிடைக்கிறது. அப்புறம் கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் வருகிற நுரை. பெங்களூருக் கழிவு கலந்து, மலை மலையாய்ப் பொங்கி, காற்றடித்தால் ரோட்டுக்கே பறந்து வரும். வெள்ளையாய் ஏதோ ஒன்று வயல் மேல் மிதந்து வருவதைப் பார்த்துப் பேரன் அலறட்டும். அது ஏலியன் இல்லை, நாம் செய்தது என்று தெரிகிற இடத்தில் வசனமே வேண்டாம்.

திசைதிருப்பும் துப்புகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஏமாற்றிவிட்டுக் காணாமல் போகிற துப்பு மட்டமானது. பரண் வெளிச்சம் ஏலியன் இல்லை என்று தெரிந்த பிறகும், பரணில் இருந்தவர் தாத்தாவைப் பார்த்திருக்க வேண்டும். சாமந்தித் தோட்டத்துக்காரர் வீட்டில் பல்பு ஒன்று குறைந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பொய்த்துப்போகும்போதே கையில் ஒரு சின்னத் தகவலைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

நான் சொன்ன யானையைச் சேர்த்தால் உங்கள் கதையில் ஒரு பருவச் சிக்கலும் வரும். கோடை விடுமுறை, மாம்பழம், யானை மூன்றும் ஒன்றாக வருகின்றன. மாம்பழம் மே, ஜூனில். யானைக் கூட்டம் பெரும்பாலும் அக்டோபருக்கு மேல்தான் வரும். நம் ஊர்க்காரர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே பிடித்துவிடுவார்கள். மாம்பழத்தைத் தியாகம் செய்துவிட்டுக் கதையை அரையாண்டு விடுமுறைக்கு மாற்றுங்கள். டிசம்பர் கடைசி, மார்கழிக் குளிர், களத்தில் கேழ்வரகுப் போர். ராத்திரி முழுக்க வானத்தில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தெரியும். ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துக் காலைப் பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, மர்மத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? தொழில் ரகசியம் ஒன்றும் சொல்கிறேன்: பனி போட்டால் பின்னணி ஓவிய வேலை பாதியாய்க் குறையும். நாலு பேர் சேர்ந்து எடுக்கிற படத்துக்கு அது சின்ன லாபம் இல்லை.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஏலியன் என்ன பாஷை பேசும்? 1977இல் அமெரிக்கா அனுப்பிய வாயேஜர் விண்கலம் இரண்டிலும் தங்க முலாம் பூசிய ஓர் இசைத்தட்டு இருக்கிறது. வேற்று உலகத்தார் யாராவது எடுத்தால் கேட்கட்டும் என்று 55 மொழிகளில் வாழ்த்துப் பதிவு செய்து வைத்தார்கள். அதில் தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சுமேரியம் வரைக்கும் இருக்கிறது. தமிழ் இல்லை. உங்கள் ஏலியன் அந்தத் தட்டைக் கேட்டுத்தான் பேசக் கற்றது என்று வையுங்கள். இப்போது கதை நடக்கிற இடத்தை நினைத்துப்பாருங்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி, ராயக்கோட்டைப் பக்கங்களில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் மூன்றும் என்று இருக்கிற குடும்பங்கள் எத்தனையோ. தமிழ்நாட்டில் இந்த ஏலியன் இறங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

இருட்டில் புதருக்குள்ளிருந்து கன்னடத்தில் ஒரு வாழ்த்துக் கேட்கிறது. பிள்ளைகள் எல்லை தாண்டி வந்த ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள், பார்க்கிறவர்களும் அப்படியே. மறுநாள் அதே குரல் தெலுங்கில். பேத்தி தமிழில் கேட்கிறாள், பதிலே இல்லை. அவ்வா, அதாவது பாட்டி, வெளியே வந்து, "எவரு நுவ்வு?" (யார் நீ?) என்று ஓர் அதட்டல் போட்டதும் உடனே தெலுங்கில் நல்வாழ்த்து வருகிறது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, உள்ளே கூப்பிட்டுக் களி போடுகிறாள். ஏலியனுக்குத் தெரிந்தது ஒரு மொழிக்கு ஒரே ஒரு வாழ்த்துதான் என்பதால் அதையே எருமைக்கும் சொல்லும், அடிபம்புக்கும் சொல்லும். அந்தத் தட்டில் ஒலிகளும் பதிந்திருக்கின்றன: மழை, நாய், ரயில், டிராக்டர், குழந்தை அழுகை. ஆகவே டிராக்டரைப் பார்த்து அது மிரளக் கூடாது, பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி நிற்க வேண்டும். ராயக்கோட்டை வழியாகப் போகிற ரயில் சத்தம் கேட்டதும் தலையாட்ட வேண்டும். மிக்ஸி சத்தத்துக்கு மட்டும் கட்டிலுக்கு அடியில் போய்விடும், ஏனென்றால் மிக்ஸி தட்டில் இல்லை. கேசர்பாய் கேர்கர் பாடிய ஒரு பைரவிப் பாட்டும் தட்டில் உண்டு. அதை அது முணுமுணுப்பதை அறிவியல் டீச்சர் ஒருவர் காதில் விழவைத்தால் முடிச்சு அவிழ்கிறது.

ஒரு விஷயம் தர்க்கத்தில் இடிக்கும். வாயேஜர்-1 இன்னும் எந்த நட்சத்திரத்தின் பக்கமும் போகவில்லை. அதன் சமிக்ஞை நமக்கு வந்து சேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது, அவ்வளவு தூரம்தான். அதிலிருந்து தகவலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் ஏலியன் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்க முடியாது. வழியில் பார்த்து, தட்டைக் கேட்டு, இருந்த இடத்திலேயே பத்திரமாய் மாட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். நல்லதாய்ப் போயிற்று. அடுத்தவர் பொருளைத் தொட்டால் திரும்ப வைத்துவிடுகிற ஜீவன் என்று அதன் குணமும் இதிலேயே வந்துவிடுகிறது. சாமந்தித் தோட்டத்தில் குறைந்த பல்பு கடைசியில் திரும்பி வருவதற்கும் இதுவே காரணமாகும். தமிழை விட்டுவிட்டார்களே என்று யாரையும் வசனம் பேச வைக்காதீர்கள், சிரிப்பு போய்விடும்.

அதன் சக்திக்கு இன்னொரு கடிவாளம்: அளக்கிற கருவி காந்தக் கல் பக்கம் போனால் குழம்ப வேண்டும். தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைப் பக்கம் காந்த இரும்புத் தாதுப் பாறை உண்டு. தாத்தா சின்ன வயதில் அங்கே போய்வந்து எடுத்துவைத்த ஒரு துண்டுக் கல் வீட்டில் இருக்கட்டும். ஏலியன் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் ஏன் திசை தெரியாமல் சுற்றுகிறது என்று பேத்தி ஒருநாள் கண்டுபிடிப்பாள்.

குழந்தைகள் பயப்படுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஏலியனைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள், தாத்தா வராமல் போய்விடுவாரோ என்றுதான் பயப்படுவார்கள். ஆறு வயசுக்கு அது பெரிய பயம். அதனால் படத்தின் முதல் பாதியிலேயே அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சாட்சி கொடுத்துவிடுங்கள்: வெற்றிலைப் பெட்டி இடம் மாறியிருக்கிறது, விடியற்காலையில் திண்ணையில் ஈரக் காலடி. உருவ அமைப்பில் உடம்பு முழுவதையும் கறுப்பாய் நிரப்பிப் பாருங்கள். நிழல் வடிவத்திலேயே அது யார் என்று தெரிய வேண்டும், பல்லும் நகமும் இல்லாமல். நடையை ஒகேனக்கல் பரிசல் மாதிரி சுற்றிச் சுற்றிப் போகிற நடையாக வைக்கலாம்.

நீளத்துக்கு என் பதில் 20 நிமிடம், யோசிக்கவே வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் அதற்கே 28,800 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 14,400 ஓவியம். ஒன்றரை மணி நேரம் என்றால் 1,29,600 ஃபிரேம், நாலு பேர் தாங்க மாட்டீர்கள். மென்பொருளுக்குக் காசு இல்லையே என்ற கவலை வேண்டாம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்தது. பிளெண்டர் இலவசம். அந்தப் படத்தில் வசனமும் இல்லை. உங்களுக்கு வசனம் வேண்டும், ஏனென்றால் மூன்று மொழி விளையாட்டு இருக்கிறது. டப்பிங்குக்குச் சென்னைக்கு ஓடாதீர்கள். தருமபுரிப் பக்கம் தெருக்கூத்து ஆடுகிறவர்களிடம் இருக்கிற குரல் எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காது. தாத்தாவுக்கு ஒருவரைப் பிடியுங்கள்.

படம் வரையத் தொடங்கும் முன் ஸ்டோரிபோர்டை அடுக்கி, உங்கள் குரலிலேயே பேசி ஓர் அனிமேட்டிக் செய்யுங்கள். அதை ஏதாவது ஓர் ஊராட்சிப் பள்ளியில் நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டி, சங்கிலிக் காட்சி முடிந்ததும் நிறுத்திவிட்டு "தாத்தா எங்கே?" என்று கேளுங்கள். எல்லோரும் சரியாகச் சொன்னால் எல்லைக்கோட்டின் வளைவை இன்னும் கொஞ்சம் மறைக்க வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை என்றால் கோழியை எடுத்துவிடுங்கள்.